தனபாக்கியத்தின் அளவுக் காகிதங்கள்

தனபாக்கியம் ரவிக்கை தைக்க மாட்டாள். ரவிக்கைக்கு அளவு போட்டுக் கொடுப்பாள். இரண்டும் வேறு வேறு வேலை. துணியில் அவள் கத்தரி படாது, காகிதத்தில்தான் படும். முதுகு ஒரு துண்டு, முன்பக்கம் ஒரு துண்டு, கை ஒரு துண்டு, இடுப்புப் பட்டி ஒரு துண்டு. அந்தத் துண்டுகளைத் துணிமேல் விரித்து, ஓரமாகச் சோப்புச் சில்லால் கோடு இழுத்து, கோட்டுக்கு வெளியே அரை இஞ்சு விட்டு வெட்டிக்கொண்டால் போதும். தையலில் கைத்தடுமாற்றம் உள்ளவள் தைத்தாலும் ரவிக்கை உடம்பில் உட்காரும்.

ஆம்பூரில் இதற்குத் தேவை இருந்தது. பர்தா வீடுகளில் பெண்கள் கடைவீதி டெய்லரிடம் போய் நின்று அளவு கொடுக்க மாட்டார்கள். வீட்டுக்கு வீடு கை மிஷின் உண்டு, தைக்கவும் தெரியும். அளவு போடத்தான் தெரியாது. பழைய சட்டையைப் பிரித்துப் புதுத்துணிமேல் போட்டு வெட்டி, பழையதில் இருந்த கோளாறையெல்லாம் புதியதிலும் கொண்டுவந்துவிடுவார்கள். தனபாக்கியம் உள்கட்டு வரைக்கும் போய், டேப்பைப் பிடித்து அளவெடுத்து, தரையிலேயே காகிதத்தை விரித்து வரைந்து வெட்டிக் கொடுத்துவிட்டு வருவாள். மார்புச் சுற்றளவில் கால்பங்கு, அதற்குமேல் மூச்சு விடக் கொஞ்சம். அக்குள் வளைவுக்கு மட்டும் கணக்குக் கிடையாது. அதை ஆளைப் பார்த்துப் பார்த்துக் கையால் வரைவாள். அந்த வளைவில்தான் அவள் பெயர் இருந்தது.

தொந்தரவு காகிதத்தால் வந்தது. செய்தித்தாள் நாலு முறை துணிமேல் போட்டு எடுத்தால் அக்குள் வளைவில் கிழிந்துவிடும். மை வெள்ளைத் துணியில் ஒட்டும்.

"ஏம்மா தனபாக்கியம், நீ குடுத்த கழுத்து கிழிஞ்சு போச்சு" என்றாள் முனவ்வர் பேகம். பெரிய வீட்டு அம்மாள், நாலு பெண்களைப் பெற்றவள், தனபாக்கியத்தை விடாமல் கூப்பிட்டு வேலை கொடுப்பவள்.

"காகிதமா, கழுத்தா, பேகம்மா?"

"காகிதந்தான். என் கழுத்து கிழிஞ்சிருந்தா உன்கிட்ட சொல்றதுக்கு நான் இருப்பேனா?"

காகிதத்துக்கு வழி செய்தது தனபாக்கியத்தின் புருஷன் வீரபாகு. அவன் தோல் பதனிடும் டேனரியில் மூட்டை இறக்குகிறவன். எழுபதுகளின் நடுவில் டேனரிகள் வேலையை மாற்றிக்கொண்டிருந்தன. அதுவரைக்கும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு ஊறவைத்த தோலை, இப்போது குரோம் ரசாயனத்தில் போட்டு நீலமாக எடுத்தார்கள். அதற்கென்று ஒரு உப்பு வந்தது. ஆரஞ்சுப் பழத் தோலின் நிறம். அதை அமிலத்தோடும் வெல்லத்தோடும் சேர்த்துக் காய்ச்சுவார்கள்.

"வெல்லமா போடறாங்க? அப்ப தின்ற சாமானா அது?" என்று தனபாக்கியம் கேட்டாள்.

"தின்னு பாரேன். ஊரெல்லாம் சொல்லியனுப்பிடறேன், கருமாதிக்கு" என்றான் வீரபாகு.

அந்த உப்பு வந்த சாக்குகள் காகிதச் சாக்குகள். ஒன்றுக்குள் ஒன்றாக நாலைந்து அடுக்கு, மாட்டுத்தோல் மாதிரி கெட்டி. காலிச் சாக்கை வெளியே குவித்து எரிப்பார்கள். வீரபாகு ஒருநாள் ஒரு கட்டு தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தனபாக்கியம் ஒன்றைப் பிரித்து, மடித்து, இழுத்துப் பார்த்தாள். கிழியவில்லை. அன்றைக்கு அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை, கல்யாணத்தன்றைக்குக்கூடத் தான் பார்த்ததில்லை என்று வீரபாகு பின்னால் சொல்வான்.

வேலை இப்படி நடக்கும். கொல்லைப்புறத்துத் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சாக்கின் வாயைப் பிரிப்பாள். உள்ளே ஒட்டிய தூளைத் தட்டுவாள். கொட்டகைக்கு ஜன்னல் கிடையாது. காற்றடித்தால் காகிதம் பறக்கும் என்று கதவையும் சாத்திவிடுவாள். அடுக்குகளைப் பிரிக்க விரலை நாக்கில் தொட்டுக்கொள்வாள். பிரித்ததை ஈரத்துணியால் துடைத்து, பலகைக்கடியில் வைத்துச் சமமாக்குவாள். உள்ளடுக்குதான் நயமான காகிதம். அதில் மஞ்சளாக ஒரு மினுமினுப்பு எப்போதும் தங்கியிருக்கும். எத்தனை துடைத்தாலும் போகாது.

வெட்டின சில்லுகளை அடுப்பில் போட்டாள். மறுநாள் சாம்பல் அள்ளும்போது அது பச்சையாக இருந்தது. மகள் மனோரமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் பார்த்தார்கள். பிறகு அள்ளி முருங்கை மரத்தடியில் கொட்டினாள்.

கெட்டிக் காகித அளவு வந்தபிறகு தனபாக்கியத்துக்கு வீடுகள் கூடின. ஒரு அளவை அக்காவிடமிருந்து தங்கை வாங்கி, தங்கையிடமிருந்து நாத்தனார் வாங்கி, வருஷக்கணக்கில் புழங்கினார்கள். பிறந்த குழந்தைக்குச் சட்டை, பெண்பிள்ளைக்குக் கவுன், பெரியவர்களுக்கு ஜம்பர், எல்லாவற்றுக்கும் சாக்குக் காகித அளவுதான்.

அவள் அளவெடுக்க மறுத்தது ஒரே ஒருத்திக்கு. மறுத்தாள் என்றும் சொல்ல முடியாது. பக்கத்துத் தெரு சவுரியம்மாள், சின்ன வயதில் தொழுநோய் வந்து, ஆஸ்பத்திரியில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டு, சுத்தமாகக் குணமாகித் திரும்பியவள். வலதுகையில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் மடங்கினபடி நின்றுவிட்டன. நோய் போய்விட்டது, ஆனால் தெருவில் யாரும் அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. அவள் ஒருநாள் துணியோடு வந்து நின்றாள். தனபாக்கியம் கழுத்தில் தொங்கின டேப்பை எடுக்கவேயில்லை.

"அப்படியே நில்லுங்க. திரும்புங்க. போதும்."

"டேப்பு எதுக்கு கழுத்துல போட்டிருக்க? நகையா?"

"உங்க அளவு கண்ணுக்கே தெரியுதுக்கா."

"உனக்குக் கண்ணு நல்லாதான் கீது" என்று சொல்லிவிட்டு சவுரியம்மாள் காகிதத்தை வாங்கிக்கொண்டு போனாள். ரவிக்கை கையில் இறுக்கிப் பிடித்தது. அவள் திரும்ப வந்து கேட்கவில்லை. அக்குளில் தையலைப் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். தெருவில் எதிரே வரும்போதெல்லாம் அந்தப் பிரிந்த இடம் தனபாக்கியம் கண்ணில் படும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவாள்.

அடுத்த வருஷம் தனபாக்கியத்துக்குச் சுட்டுவிரல் நகத்தோரத்தில் ஒரு புண் வந்தது. சின்னதுதான், மிளகு அளவு. விளிம்பு தடித்து, நடுவில் குழியாக, யாரோ தோல் துளைக்கிற உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினமாதிரி. மஞ்சள் பற்றுப் போட்டாள். ஆறவில்லை. இரண்டாவது புண் விரல் முட்டியில் வந்தது. மூன்றாவது விரலிடுக்கில். அவளைக் கலக்கியது புண்ணல்ல, அது வலிக்காததுதான். புளி கரைத்தாலும் எரியவில்லை. ஊசியை எடுத்துக் குழிக்குள் குத்திப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. குத்திப் பார்த்த இடம் தப்பு. அது அவளுக்குத் தெரியாது.

வலிக்காத புண் என்றால் அந்த மாவட்டத்தில் ஒரே அர்த்தந்தான். சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், தொழுநோய் என்று.

பிறகு மூக்கு ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் மூக்குக்குள் பொருக்கு. அதை எடுத்தால் ரத்தம். வாசனை தெரிவது குறைந்தது. டேனரி நாற்றம் இல்லாமல் சாப்பிட முடிகிறதே என்று முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அந்த நோய் மூக்கைத்தான் முதலில் அமுக்கும் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். கண்ணாடியில் மூக்குத் தண்டைப் பக்கவாட்டில் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். ஒருநாளைக்கு எத்தனை தடவை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மனோரமாவுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய்க்கு அந்த நோய் என்ற பேச்சு தெருமுனையைத் தாண்டினால் பெண்ணை யாரும் தொட மாட்டார்கள். தனபாக்கியம் வாயை மூடிக்கொண்டாள். வீரபாகுவிடம்கூடச் சொல்லவில்லை. அவனுக்கும் வருஷமெல்லாம் மூக்கடைப்பு. "டேனரிக்காரன்னா ஜலதோஷம் இல்லாமயா?" என்பான். அவன் மூக்கைப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

தொழுநோய் சர்வே வந்தது. வெள்ளைப் புடவை கட்டின ஒரு பெண், கையில் ஒரு இறகோடு வீடுவீடாக வந்தாள். கண்ணை மூடச் சொல்லி, தோலில் இறகால் தொட்டு, தொட்ட இடத்தைக் காட்டச் சொல்வாள். அவ்வளவுதான் சோதனை. அவள் எதிர்வீட்டில் நுழைவதைப் பார்த்ததும் தனபாக்கியம் உள்ளே போய் ஒரு படி கேழ்வரகு மாவைத் தாம்பாளத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். சர்வேக்காரி வாசலில் நின்றபோது இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் மாவுக்குள் இருந்தன.

"கைய காட்டுங்கம்மா, ஒரு நிமிஷந்தான்."

"பிசைஞ்சிட்டு இருக்கேனே. அப்புறம் வாங்களேன்."

"எத்தன பேருக்கும்மா இவ்ளோ மாவு?"

"விருந்தாளிங்க வர்றாங்க."

சர்வேக்காரி மனோரமாவைத் தொட்டுப் பார்த்தாள். வீட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்டாள். போய்விட்டாள். மாவை அன்றைக்கும் மறுநாளும் மூன்று பேரும் தின்றார்கள். விருந்தாளி யாரும் வரவில்லை.

அதற்குப்பிறகு அவள் தன்னைத் தானே ஒதுக்கிவைத்துக்கொண்டாள். தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. கேட்டால், உடம்புச் சூடு என்றாள். வீடுவீடாகப் போய் அளவெடுப்பதை நிறுத்தினாள். அளவு ரவிக்கையை அனுப்பச் சொல்லி, கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, பார்த்து வரைந்து கொடுத்தாள். முன்னே பாதிநாள் வெளியே இருந்தவள், இப்போது நாள் முழுக்கத் தூளுக்குள் உட்கார்ந்தாள். புண்கள் கூடின.

மகளுடைய துணியை மட்டும் அவள் கை தொடாமல் பார்த்துக்கொண்டாள். எடுக்க வேண்டியிருந்தால், சூடான பாத்திரத்தைத் துணியால் பிடிக்கிற மாதிரி, சாக்குக் காகிதத் துண்டு இரண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எடுப்பாள். கைதான் விஷம், காகிதம் சுத்தம் என்று அவள் கணக்கு.

குடியாத்தத்திலிருந்து வரன் வந்தது. கைத்தறி நெசவுக் குடும்பம், லுங்கி போடுகிறவர்கள். பையன் அருணகிரி வாய் திறக்கவில்லை. அவன் தாய் ராஜம்மாள் அவனுக்கும் சேர்த்துப் பேசினாள்.

"துணி எங்களுது, அளவு உங்களுது. இதுக்கு மேல இன்னா ஜாதகம் வேணும்?" என்று சிரித்தாள். பெண்ணைப் பிடித்துவிட்டது. வெற்றிலை போட்டபடி, "அப்படியே எனக்கும் ஒரு ஜாக்கெட் அளவு எடுத்துடுங்க சம்பந்தி. உங்க கைராசி குடியாத்தம் வரைக்கும் பேச்சா கீது" என்றாள்.

தனபாக்கியம் கையை முந்தானைக்குள் சுருட்டினாள். "மனோ, டேப்ப எடுத்து நீ புடி. நான் பாத்து வரையறேன்."

"ஏன், நீங்க தொட மாட்டீங்களா?"

"கத்தரி பட்டுச்சு. சுண்ணாம்பு வெச்சிருக்கேன்."

ராஜம்மாள் முந்தானையைப் பார்த்தாள். பிறகு மூக்குக்குக் கீழே காய்ந்திருந்த ரத்தப் பொட்டைப் பார்த்தாள். மனோரமா டேப்பைப் பிடித்தாள். அளவு வரைந்து முடித்தபோது காகிதத்தை நீட்டவேண்டிய இடத்தில் தனபாக்கியம் அதைத் தரையில் வைத்து நகர்த்தினாள். ராஜம்மாள் அதை எடுத்துக்கொள்ள மறந்துபோனமாதிரி விட்டுவிட்டுப் போனாள்.

இருந்தாலும் கல்யாணம் நடந்தது. ஆவணியில், நல்ல மழையில். மணப்பெண்ணுக்கு அவளுடைய அளவுக் காகிதத்தையும் சேர்த்து அனுப்புவது தனபாக்கியமே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். போன இடத்தில் யாரிடமும் கேட்காமல் தானே வெட்டிக்கொள்ளலாம் அல்லவா. தன் மகளுக்கென்று இருப்பதிலேயே நல்ல காகிதமாக, மினுமினுக்கிற உள்ளடுக்காகத் தேடி எடுத்தாள். மனோரமாவே தைத்த புது ரவிக்கைகளை, காகிதம் பிடித்த கையால் ஒவ்வொன்றாக விரித்தாள். மடிப்புக் கலையாமலிருக்க முதுகுக்குள் முதுகுத் துண்டையும் கைக்குள் கைத்துண்டையும் வைத்து மடித்து, மொத்தத்தையும் இன்னொரு காகிதத்தில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். பெட்டி பஸ்ஸின் கூரைமேல் ஏறி, மழையில் நனைந்து குடியாத்தம் போய்ச் சேர்ந்தது. தாய் செய்ய வேண்டியதைக் குறையில்லாமல் செய்து முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவள் கொட்டகைக்குத் திரும்பினாள்.

புரட்டாசியில் சேதி வந்தது. லுங்கி மூட்டையோடு ஆம்பூர் வந்த ஒரு நெசவாளியிடம் ராஜம்மாள் சொல்லியனுப்பியிருந்தாள். "பொண்ணு உடம்புல படை வந்துகீதாம். அம்மா நேர்ல வந்து பாக்கட்டும்னு சொல்லச் சொன்னாங்க. அம்மாதான் வரணுமாம். அழுத்திச் சொன்னாங்க." அவன் கறாரான குரலில் சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடிக்காமலே போய்விட்டான்.

தன் நோய் மகளுக்கு ஒட்டிவிட்டது. ராஜம்மாளுக்கும் தெரிந்துவிட்டது. வேறு எதையும் அவளால் நினைக்க முடியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் சவுரியம்மாள் வீட்டுக்குப் போனாள். அந்த வாசலில் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சவுரியம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்களுக்கு முதல்ல எப்படி வந்துச்சு?"

"ஏன், வழி தெரிஞ்சிக்கவா?" என்று சவுரியம்மாள் நிமிராமலே கேட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "கைய நீட்டு."

தனபாக்கியம் நீட்டவில்லை. சவுரியம்மாள் மடங்கின விரல்களுள்ள கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்கு இழுத்தாள். ரவிக்கையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள்.

"அங்க பாரு. சுவத்த பாரு."

ஊக்கு புண்ணுக்கு ஒரு நூல் தள்ளி இறங்கியது. தனபாக்கியம் துள்ளிக் கையை இழுத்துக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்காம?"

"இங்க? இங்க?" விரல் நுனி, புறங்கை, முழங்கை என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டாள். இறகுக்குப் பதில் முந்தானை நுனியை வைத்துத் தடவினாள். எல்லா இடமும் தெரிந்தது. "எனக்குக் கொதிக்கிற சோத்துப் பானைய தூக்கினப்ப தோல் வெந்த வாசனை வந்துதான் கை சுட்டதே தெரிஞ்சுது. உனக்கு ஊக்கு பட்டாலே துள்ற. இது அது இல்லடி."

"குழிக்குள்ள குத்தினேன். தெரியலயே?"

"செத்த சதையில குத்தினா இன்னா தெரியும்? பக்கத்துல குத்திப் பாக்கறதுதானே?" சவுரியம்மாள் அவள் தலையைப் பிடித்து அண்ணாந்து பார்க்கவைத்து, மூக்குக்குள் பார்த்தாள். "எங்க அண்ணன் குரோம் தொட்டிகிட்ட வேலை பாத்தாரு. இதே பொத்தல் கையில. இதே மாதிரி மூக்குத் தண்டு நடுவுல ஓட்ட விழுந்துச்சு. அவர் நின்னது தொட்டியில. நீ எங்க போய் நின்னே?"

தனபாக்கியத்தின் நினைவில் சாக்கைத் தட்டுவதும் விரலை நாக்கில் தொடுவதும் பச்சைச் சாம்பலும் ஒவ்வொன்றாக வந்தன. நோய் இல்லை என்ற நிம்மதி வந்த வேகத்திலேயே போய்விட்டது. டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது.

"மாவுல கைய விட்டுக்காம அன்னிக்கே அந்தப் பொண்ணுகிட்ட காட்டியிருந்தா, உன் மூக்காவது மிஞ்சியிருக்கும்" என்றாள் சவுரியம்மாள். தெருவில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

தனபாக்கியம் எழுந்து, "அக்கா, ஜாக்கெட்டுக்குப் புதுசா அளவு எடுத்துத் தரேன்" என்றாள்.

"வேணாம் போ. பிரிச்சிவிட்டதே காத்தோட்டமா நல்லாதான் கீது."

மறுநாள் குடியாத்தம். தறிகள் ஓடிக்கொண்டிருந்த முன்கட்டிலேயே ராஜம்மாள் அவளை நிறுத்தினாள். உட்காரச் சொல்லவில்லை. ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் தரையில் வைத்தாள். தனபாக்கியம் அந்தச் செம்பைப் பார்த்தாள். காகிதத்தைத் தரையில் நகர்த்தினது அவளுக்கு ஞாபகம் இருந்தது. ராஜம்மாளுக்கும் இருந்திருக்கும்.

"நான் சுத்தி வளைச்சுப் பேசமாட்டேன் சம்பந்தி. அன்னிக்கே எனக்குச் சந்தேகம். பொண்ணு முகத்த பாத்து விட்டுட்டேன். எங்க வீட்ல சின்னப் பசங்க கீறாங்க. பொண்ண இட்டுக்கினு போய்டுங்க."

"ஒருதரம் பாத்துட்டு இட்டுக்கினு போறேன்."

உள்ளறையில் மனோரமா சுவரோரம் நின்றாள். கண் வீங்கியிருந்தது. தனபாக்கியம் கதவைச் சாத்தி, ரவிக்கையைக் கழற்றச் சொன்னாள். முதுகெல்லாம் சிவந்து, தடித்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. கையிலும் அப்படியே.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தச் சிவப்புக்கு ஓரம் இருந்தது. பின்கழுத்தில் வட்டமாக வந்து, தோளில் சரிந்து, அக்குள் பக்கம் வளைந்து உள்ளே போய், இடுப்புக்கு மேலே நேர்கோடாக நின்றது. அந்த வளைவை அவளைத் தவிர வேறு யாரும் வரைய முடியாது. அவளுடைய முதுகுத் துண்டு மகளின் முதுகில் அப்படியே பதிந்திருந்தது.

"சம்பந்தி, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள். ராஜம்மாள் நிலைப்படிக்கு அப்பால் நின்றாள்.

"எட்டவே நில்லுங்க. நான் உங்கள தொடமாட்டேன். இத மட்டும் பாருங்க." பெட்டியைத் திறந்து, ஒரு ரவிக்கையின் முதுகுக்குள்ளிருந்து காகிதத்தை உருவினாள். அதை மகளின் முதுகுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். ஓரத்துக்கு ஓரம் சரியாக இருந்தது. "எந்த நோயாவது ஜாக்கெட் தையல பாத்து நிக்குமா? கழுத்துக்கு மேல ஒண்ணுமில்ல. முழங்கைக்குக் கீழ ஒண்ணுமில்ல. இது என் கை இல்ல. இந்தக் காகிதம்."

ராஜம்மாள் ரவிக்கையை வாங்கி உட்புறமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். வெள்ளைத் துணியில் மஞ்சள் திட்டு ஊறிப் பரவியிருந்தது. சாயக்காரர்களோடு பிறந்து வளர்ந்தவள். நனைந்து இறங்கின கறை எது, வேர்வைக் கறை எது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்க சாயப்பட்டறை ஆளுங்களுக்கும் கை இப்படி வெடிக்கும்" என்றாள் கடைசியில். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, முழுக்க இறங்கவில்லை. "நீங்க சொல்றது நியாயமாதான் படுது. ஆனா நான் நம்பினா போதாது, இந்தத் தெரு நம்பணும். ஆஸ்பத்திரியில போய் ரெண்டு பேரும் காட்டுங்க. அவங்க வாயால இல்லன்னு சொல்லட்டும். அப்புறம் நானே வந்து இட்டுக்கினு போறேன்."

அருணகிரி தறியை நிறுத்திவிட்டு பஸ்வரைக்கும் பெட்டியைத் தூக்கிவந்தான். பஸ் கிளம்பும்போது மனோரமாவிடம், "சீக்கிரம் வந்துடு" என்று மட்டும் சொன்னான்.

ஆஸ்பத்திரியில் பஞ்சால் தொட்டார்கள், நரம்பைத் தடவினார்கள், காதுமடலில் கீறிப் பரிசோதித்தார்கள். அந்த நோய் இல்லை என்று சொல்ல அதிகநேரம் ஆகவில்லை. மனோரமாவுக்கு மருந்து கொடுத்தார்கள். படை உரிந்து ஆறியது. தனபாக்கியத்தின் கைப்புண்கள் வெள்ளைத் தழும்பாக மூடிக்கொண்டன. மூக்கில் விழுந்த ஓட்டை மூடாது என்றார்கள்.

காகிதங்களைத் திரும்ப வாங்குவதுதான் நடக்கவில்லை. தனபாக்கியம் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டாள். சிலர் கொடுத்தார்கள். சிலர், நல்ல காகிதத்தை எதற்குக் கேட்கிறாள், வேறு யாருக்காவது கொடுக்கப் போகிறாளா என்று சந்தேகப்பட்டு, தொலைந்துவிட்டது என்றார்கள்.

முனவ்வர் பேகம் தன்னிடமிருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டாள். "ஆனா குழந்தைச் சட்டை அளவு மட்டும் இங்க இல்லம்மா. என் பொண்ணு குர்ஷித் வாணியம்பாடிக்கு எடுத்துட்டுப் போய்ட்டா, பிரசவம் ஆனதும் தைக்கணும்னு. அங்கேர்ந்து அவ நாத்தனார் வாங்கினு போனாளாம். யார் வீட்ல கீதோ."

"குழந்தை எப்படி இருக்கு, பேகம்மா?"

"நல்லாதான் கீது. உடம்புல வேர்க்குரு மாதிரி ஏதோ ஜாஸ்தியா வருதாம். வெயில்தானே."

அது கார்த்திகை மாதம், வேர்க்குருவுக்கு வெயில் ஏது. தனபாக்கியம் அன்றைக்கே வீரபாகுவை வாணியம்பாடிக்கு அனுப்பினாள். சட்டையைக் கழற்றிப் போட்டார்கள். குழந்தைக்குச் சரியாகிவிட்டது. அளவுக் காகிதம் மட்டும் கிடைக்கவில்லை. அது கை மாறிக்கொண்டே போய்விட்டது. எங்கேயும் கிழிந்திருக்காது, கிழியாது என்பதற்காகத்தான் அவள் அதைத் தேர்ந்தெடுத்தாள்.

தை மாதம் ராஜம்மாள் சொன்னபடி வந்தாள். வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டு, தனபாக்கியம் கையிலிருந்து வாங்கி, அண்ணாந்து குடித்தாள். பிறகு எழுந்து நின்று கைகளைப் பக்கவாட்டில் விரித்தாள்.

"அன்னிக்கு விட்டுப்போன அளவ எடுங்க. நீங்களே எடுங்க. உங்க பொண்ணு டேப்பு புடிச்சா கிச்சுகிச்சு மூட்டற மாதிரி கீது."

தனபாக்கியம் டேப்பைச் சுற்றிப் பிடித்தாள். தழும்பு விழுந்த விரல்கள் ராஜம்மாளின் தோளிலும் கையிலும் பட்டன. இரண்டு பேரும் அதைக் கவனித்தார்கள். தரையில் செய்தித்தாளை விரித்து அவள் குனிந்து வரைந்தாள். குனிந்தால் மூச்சு அந்த ஓட்டை வழியாக மெல்லிய விசிலாக வரும். அறையில் எல்லாருக்கும் கேட்டது. மனோரமா பெட்டியைக் கட்டினாள். அளவுக் காகிதம் இல்லாத பெட்டி.

அவர்கள் பஸ் ஏறின பிறகு வீரபாகு டேனரிக்குக் கிளம்பினான். அன்றைக்கு லோடு வருகிறது. ஆரஞ்சு உப்பு. தனபாக்கியம் வழியை மறித்து நின்றாள்.

"இரு. மூக்க காட்டு."

"வெறும் ஜலதோஷம்டி."

"அண்ணாந்து காட்டு."

அவன் சிரித்துக்கொண்டே அண்ணாந்தான். அவள் பார்த்தாள். ஒரு நாசிக்குள் பார்த்தபோது, நடுத்தண்டில் விழுந்த ஓட்டையில் அடுத்த நாசி வழியாக வாசல் வெளிச்சம் தெரிந்தது.

"இன்னா தெரியுது?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். அவன் துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு, மூட்டை இறக்கப் போனான்.